எந்தப் பதிவு என்று சொல்லுங்கள்

"இன்று பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி கேட்டேன், அபாரம்" என்று ஒருவர் எழுதினால், படிக்கிற இன்னொரு ரசிகருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. 1808-இல் அரங்கேறிய அந்தப் படைப்பு, ஒலிப்பதிவு என்ற ஒன்று வந்த பிறகு நூற்றுக்கணக்கான முறை பதிவாகிவிட்டது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஹெர்பர்ட் ஃபான் காரயான் என்று சேர்த்தாலும் கேள்வி தீராது. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் முழுத் தொகுப்பாக அவரே நான்கு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார்: 1950-களில் லண்டனின் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவுடன் ஒரு முறை, பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் 1961–62, 1975–77, 1982–84 என்று மூன்று முறை. 1961–62 தொகுப்பில் இருக்கும் துள்ளலும் 1980-களின் தொகுப்பில் இருக்கும் கனமும் ஒரே மனிதருடையவை என்று நம்பவே சற்று நேரம் பிடிக்கும். இதில் எதைக் கேட்டீர்கள்?

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "தோடி கேட்டேன்" என்றால் எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: யார் பாடியது, எந்த வருடம், பக்கவாத்தியம் யார்? மேற்கத்திய செவ்வியல் இசையிலும் அதே கேள்விகள்தான். கூடவே இன்னும் சில உண்டு, ஏனென்றால் இங்கே எல்லாம் எழுதிவைத்த இசை. எழுதியதிலேயே பல வடிவங்கள் உலவுகின்றன.

முதலில் படைப்பின் அடையாளம். இதற்கு அட்டவணை எண்ணைவிட, அதாவது ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் தந்த எண்ணைவிட, நம்பகமானது எதுவுமில்லை. இசையமைப்பாளர் பாக் என்றால் பி.டபிள்யூ.வி., மோட்சார்ட்டுக்கு கே. (கோஷெல்), ஷூபெர்ட்டுக்கு டி. (டாய்ச்), விவால்டிக்கு ஆர்.வி. சிம்பொனியின் வரிசை எண்ணை மட்டும் நம்பினால் வழுக்கும். "ஷூபெர்ட் எட்டு" என்று ஒருவர் எழுதினால் அது முற்றுப்பெறாத சிம்பொனியாக இருக்கலாம்; ஜெர்மன் வெளியீட்டைப் பார்த்து எழுதியிருந்தால் பெரிய சி மேஜர் சிம்பொனியாகவும் இருக்கலாம். டி. 759 என்றோ டி. 944 என்றோ போட்டுவிட்டால் வம்பே இல்லை. டுவோர்ஜாக்கின் 'புதிய உலகம்' பழைய இசைத்தட்டுகளில் ஐந்தாவது சிம்பொனி என்றே இருக்கும். இன்று அது ஒன்பதாவது. ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களுக்கும் கே. என்றுதான் போடுவார்கள். ஆனால் அந்த கே. ரால்ஃப் கிர்க்பாட்ரிக்கைக் குறிப்பது, கோஷெல்லை அல்ல. அதற்கு முந்தைய லாங்கோ எண்கள் வேறு. பழைய தட்டு கையில் இருந்தால் எந்த வரிசை என்று பார்த்து எழுத வேண்டும்.

எண் சரியாக இருந்தாலும் எந்த வடிவம் என்ற கேள்வி பாக்கி. இங்கேதான் இசையமைப்பாளர் அந்தோன் ப்ருக்னர் வருகிறார். தன் சிம்பொனிகளை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். எட்டாவது சிம்பொனியை 1887-இல் முடித்தபோது, அவர் பெரிதும் மதித்த நடத்துநர் ஹெர்மன் லேவிக்கு அது பிடிபடவில்லை. மனம் ஒடிந்துபோன ப்ருக்னர் மூன்று ஆண்டுகள் உழைத்து 1890-இல் திருத்திய வடிவத்தை முடித்தார். 1887 வடிவத்தில் முதல் பகுதி முழக்கத்தோடு முடியும். 1890 வடிவத்தில் ஒடுங்கி, மங்கி அடங்கும். பொதுவாக நாம் கேட்பது இந்த இரண்டாவது வடிவத்தை. அதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. பதிப்பாசிரியர் ராபர்ட் ஹாஸ் 1939-இல் வெளியிட்ட பதிப்பு 1890-ஐ அடித்தளமாகக் கொண்டு, அதில் வெட்டப்பட்ட சில இடங்களை 1887-இலிருந்து எடுத்து ஒட்டியது. லியோபோல்ட் நோவாக்கின் பதிப்பு அந்த ஒட்டுகளை நீக்கி 1890-ஐ மட்டும் தந்தது. நடத்துநர்களில் காரயான், குண்டர் வாண்ட் ஆகியோர் ஹாஸ் பக்கம்; ஓய்கன் யோஹும், கார்லோ மரியா ஜூலினி நோவாக் பக்கம். 1887 வடிவத்தைக் கேட்க விரும்பினால் எலியாஹு இன்பால் ஃபிராங்ஃபர்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவுடன் செய்த 1980-களின் பதிவு இருக்கிறது. ஆய்வுநெறிப்படி நோவாக் சொல்வதே நியாயம் என்றாலும், அடாஜியோ என்ற மெதுவான பகுதியில் ஹாஸ் மீட்டுத்தரும் அந்தப் பத்து பார்கள் (தாளக் கட்டங்கள்) இல்லாமல் உச்சத்துக்கு ஏறும்போது ஒரு படி விட்டுப்போனது தெரியத்தான் செய்கிறது.

நான்காவது சிம்பொனியில் வேறுபாடு இன்னும் பெரிது. 1874 வடிவத்தின் ஸ்கெர்ட்ஸோவுக்கும் (துள்ளலான பகுதி), எல்லோரும் அறிந்த வேட்டைக் கொம்பு ஸ்கெர்ட்ஸோவுக்கும் தொடர்பே கிடையாது. அது முற்றிலும் வேறு இசை. ஏழாவதில் அடாஜியோவின் உச்சியில் ஒரு சிம்பல் ஓசை உண்டா இல்லையா என்பது நீண்ட வழக்கு. ஹாஸ் அதை விட்டார், நோவாக் வைத்துக்கொண்டார். ஆனால் ஹாஸ் பதிப்பை வைத்து நடத்தும் சிலரே அந்த ஓர் இடத்தில் மட்டும் சிம்பலைச் சேர்த்துக்கொள்வதுண்டு. அதனால் அட்டையில் 'ஹாஸ்' என்று பார்த்ததும் முடிவுகட்டாமல், அந்த இடத்தைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

இசையமைப்பாளர் மாலரின் ஆறாவது சிம்பொனியில் பகுதிகளின் வரிசையே மாறும். அச்சான முதல் ஸ்கோரில் (இசையை எழுதிய ஏடு) ஸ்கெர்ட்ஸோ இரண்டாவது. 1906-இல் எஸ்ஸன் நகரில் அரங்கேற்றும்போது மாலர் மெதுவான ஆண்டான்டே பகுதியை முன்னால் கொண்டுவந்தார். 1963-இன் ஆய்வுப் பதிப்பு ஸ்கெர்ட்ஸோவை மீண்டும் முன்னே வைத்தது. 2003-இல் மாலர் சங்கம் ஆண்டான்டே பக்கம் திரும்பியது. ஆகவே ஒரு பதிவைப் பகிரும்போது இரண்டாவதாக எது வருகிறது, இறுதிப் பகுதியில் சம்மட்டி அடி இரண்டா மூன்றா என்ற இரண்டையும் சொல்லிவிட்டால், தெரிந்தவர்களுக்குப் பாதிப் பதிவு கண்முன் வந்துவிடும்.

அடுத்தது மறுவாசிப்பு. ஸ்கோரில் திரும்ப வாசிக்கச் சொல்லியிருப்பதை வாசித்தாரா, தாண்டினாரா? இதைச் சொல்லாமல் "மெதுவாக வாசித்திருக்கிறார்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. ஷூபெர்ட்டின் பி ஃப்ளாட் சொனாட்டா, டி. 960: முதல் பகுதியில் மறுவாசிப்புக்குத் திரும்பும் இடத்தில் ஷூபெர்ட் தனியாகச் சில பார்கள் எழுதியிருக்கிறார். பியானோவின் அடி ஸ்வரங்களிலிருந்து வரும் உறுமல் முழு பலத்தோடு வெடிக்கும் ஒரே இடம் அது. மறுவாசிப்பைத் தாண்டினால் அந்த இசையை நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். பியானோ கலைஞர்களில் ஆல்ஃப்ரெட் ப்ரெண்டல் தாண்டியவர், அதற்குக் காரணமும் எழுதியவர். ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் தாண்டாதவர். அவருடைய 1972 ஸ்டுடியோ பதிவில் இந்த முதல் பகுதி மட்டும் ஏறக்குறைய 24 நிமிடம். அதில் மறுவாசிப்பின் பங்கு எவ்வளவு, நிதானத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் ஒப்பீடு நிற்கும்.

பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களைப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பதிந்த இரண்டு பதிவுகளிலும் இதே கதைதான். 1955 பதிவு சுமார் 38½ நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம். இளமையில் வேகம், முதுமையில் நிதானம் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் 1955-இல் அவர் ஒரு மறுவாசிப்பையும் எடுக்கவில்லை. 1981-இல் பல வேரியேஷன்களின் முற்பகுதியைத் திரும்ப வாசிக்கிறார். மொத்த நேரத்தை வைத்து வேகத்தை அளக்க முடியாது. அளக்க வேண்டுமானால் வேரியேஷன்களுக்கு முன் வரும் தொடக்க ஆரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே 32 பார்கள், இரண்டிலும் மறுவாசிப்பு இல்லை: 1955-இல் 1 நிமிடம் 53 வினாடி, 1981-இல் 3 நிமிடம் 5 வினாடி. நிதானம் என்று சொல்வதற்கு இதுதான் சரியான ஆதாரம். எல்லா மறுவாசிப்பையும் எடுப்பவர்களின் பதிவு 75 நிமிடத்தைத் தாண்டுவது சாதாரணம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், "கூல்ட் 1981 மிக மெதுவானது" என்ற வாக்கியமே ஆட்டம் காணும்.

பதிவான தேதியும் வெளியான தேதியும் வேறு. கூல்டின் முதல் கோல்ட்பெர்க் 1955 ஜூனில் பதிவாகி 1956 ஜனவரியில் கடைக்கு வந்தது. நடத்துநர் கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த பீத்தோவனின் ஐந்தாவது 1974-இல் பதிவாகி 1975-இல் வெளியானது. ஸ்ட்ரீமிங் செயலிகள் காட்டும் வருடம் பெரும்பாலும் மறுவெளியீட்டு வருடம். 1958-இல் பதிவானது 2012 என்று தெரியும். அட்டையில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்தோடு வரும் வருடம்கூட அந்த ஒலிவடிவம் வெளியானதைக் குறிப்பதுதான். பதிவு நடந்த நாளும் இடமும் வேண்டுமென்றால் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் தேட வேண்டும். தொகுப்புகளில் இது இன்னும் முக்கியம். பாப்லோ கசால்ஸ் வாசித்த பாக்கின் ஆறு செல்லோ ஸ்வீட்டுகளும் ஒரே மூச்சில் பதிவானவை அல்ல. 1936 முதல் 1939 வரை லண்டனிலும் பாரிஸிலுமாக இரண்டிரண்டாக வந்தவை. இரண்டாவது ஸ்வீட்டின் ஒலியும் ஐந்தாவதின் ஒலியும் ஏன் வேறாக இருக்கின்றன என்பதற்கு இதுவே விடை.

'நேரடிக் கச்சேரிப் பதிவு' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. இன்று அந்தப் பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாலைகளின் பதிவுகளை வெட்டி ஒட்டி, ஆளில்லாத அரங்கில் பிழைகளைத் திருத்தி வாசித்த துண்டுகளையும் சேர்த்தவை. பழையவற்றிலும் இது உண்டு. நடத்துநர் வில்ஹெல்ம் ஃபர்ட்வெங்லர் 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது, அவர் மறைந்த பிறகு 1955-இல் இ.எம்.ஐ. நிறுவனத்தின் தட்டாக வந்து பெரும்புகழ் பெற்றது. அரை நூற்றாண்டு கழித்து பவேரிய வானொலியின் நாடா வெளியானபோது, இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இ.எம்.ஐ. தட்டில் ஒத்திகை கலந்திருக்கிறது என்பது ஒப்பிட்டுக் கேட்டவர்களின் முடிவு. பின்னர் சுவீடன் வானொலி அன்று அஞ்சல் செய்த வடிவமும் கிடைத்தது. ஆகவே "ஃபர்ட்வெங்லர், பைராய்ட் 1951" என்ற குறிப்பும் முழுமையல்ல. எந்த நிறுவனத்தின் வெளியீடு என்பதும் வேண்டும்.

இது நம்மை மறுபதிப்புக்குக் கொண்டுவருகிறது. பழைய பதிவுகளைப் பொறுத்தவரை, கலைஞருக்கு அடுத்த முக்கியமான பெயர் அந்தத் தட்டை டிஜிட்டலுக்கு மாற்றிய பொறியாளருடையதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 12 அங்குல 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் நான்கு, நாலரை நிமிடமே ஓடும். பியானோ கலைஞர் ஆர்ட்டூர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை பதிந்த பீத்தோவனின் 32 சொனாட்டாக்களும் அப்படித் துண்டு துண்டாகத்தான் பதிவாயின. அந்தத் துண்டுகளை எப்படி இணைக்கிறார்கள், இரைச்சலை எவ்வளவு நீக்குகிறார்கள், எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஷ்னாபெலே வேறு ஆளாகிவிடுவார்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். '78' என்பது பெயரளவில்தான். தொடக்க காலத் தட்டுகள் பல நிமிடத்துக்கு 75 சுழற்சியை ஒட்டியோ, சில 80-க்கு மேலோ சுழன்று பதிவானவை. அரைச்சுருதி என்பது ஏறக்குறைய 6 சதவீத வேக மாற்றம். 74-இல் பதிவான தட்டை 78-இல் ஓட்டினால் வேகம் 5 சதவீதத்துக்கும் மேல் கூடும். அதாவது சுருதி கிட்டத்தட்ட அரைப்படி ஏறிவிடும். பாடகரின் குரல் மெலியும், அதிர்வு நடுக்கமாகும், "அந்தக் காலத்தில் எல்லோரும் வேகமாகப் பாடினார்கள்" என்ற தவறான முடிவும் பிறக்கும். சரிபார்ப்பது எளிது. கைபேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து, நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரத்தை அளந்து, ஸ்கோர் சொல்லும் ஸ்வரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கால் சுருதிக்கு மேல் விலகியிருந்தால் சந்தேகப்படலாம். ஒரு எச்சரிக்கை: பரோக் இசையைப் பழைய பாணி வாத்தியங்களில் வாசிப்பவர்கள் 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 415-இல் வைப்பது வழக்கம். அது அரைச்சுருதி கீழே ஒலிக்கும். அதில் பிழை ஏதுமில்லை. பாடகர்கள் தங்கள் குரலுக்கேற்பச் சுருதியை இறக்கிப் பாடிய ஆரியாக்களும் (ஓபராப் பாடல்கள்) ஏராளம்.

இரைச்சலைக் கழிப்பதிலும் அளவு தவறுகிறது. உஸ்ஸென்ற சத்தத்தை முழுவதும் துடைத்தெடுத்தால், வயலின் வில்லின் உரசலும் பியானோ ஸ்வரத்தின் தொடக்கத் தட்டும் அதோடு போய்விடும், ஏனென்றால் இரண்டும் ஒரே அதிர்வெண் பகுதியில்தான் இருக்கின்றன. வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட்-தார்ன் போன்ற மறுபதிப்புப் பொறியாளர்களின் மாற்றங்களில் கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருக்கும். பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்; வாத்தியத்தின் உயிர் மட்டும் நிற்கும். மிகச் 'சுத்தமான' மறுபதிப்பைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

நாடாப் பதிவுகளுக்கும் மறுபதிப்புச் சிக்கல் உண்டு. நடத்துநர் கெயோர்க் ஷோல்ட்டி 1958 முதல் 1965 வரை வியன்னாவின் சோஃபியன்சால் அரங்கில் பதிந்த வாக்னரின் 'ரிங்' ஓபராத் தொகுப்பு, 2012-இல் புதிதாக வந்தபோது மூல நாடாக்கள் சிதைந்திருந்ததால் 1997-இன் டிஜிட்டல் மாற்றத்தையே அடிப்படையாகக் கொண்டது. 2022 வெளியீட்டுக்குத்தான் மூல நாடாக்களைத் திரும்ப எடுத்து மாற்றினார்கள். கூல்டின் 1981 கோல்ட்பெர்க் டிஜிட்டலிலும் அனலாக் நாடாவிலும் ஒரே நேரத்தில் பதிவானது. முதல் வெளியீடு டிஜிட்டல். 2002 வெளியீடு அனலாக். இரண்டாவதில் பியானோவுக்குக் கொஞ்சம் உடம்பு வந்திருக்கிறது. 1960-களில் மோனோ பதிவுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி விற்ற தட்டுகளைப் பற்றி ஒரு வரி போதும்: தவிர்த்துவிடுங்கள், மோனோ மூலத்தைத் தேடுங்கள்.

உண்மையான ஸ்டீரியோ எங்கே தேவைப்படுகிறது என்பதற்குச் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியின் இறுதிப் பகுதி நல்ல சான்று. அதன் தொடக்க மெட்டை முதல் வயலின்களும் வாசிப்பதில்லை, இரண்டாம் வயலின்களும் வாசிப்பதில்லை. ஒரு ஸ்வரம் இவர்கள், ஒரு ஸ்வரம் அவர்கள் என்று மாறிமாறி வருவது சேர்ந்துதான் மெட்டாகிறது. இரு குழுக்களும் மேடையின் இரு புறமும் எதிரெதிராக அமர்ந்திருந்தால் மட்டுமே இந்த வேலைப்பாடு காதில் விழும். எல்லா வயலினும் இடப்பக்கம் இருக்கும் பதிவில் ஒரு சாதாரண மெட்டுதான் கேட்கும். வயலின்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று ஒரு வரி எழுதுவது, ஒலி "பிரமாதம்" என்று எழுதுவதைவிட நூறு மடங்கு பயன்.

இவ்வளவு துல்லியம் தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு வழக்குகள். பியானோ கலைஞர் தினு லிப்பட்டி வாசித்ததாக இ.எம்.ஐ. வெளியிட்டிருந்த ஷோபெனின் முதல் பியானோ கன்செர்ட்டோ, ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பதிவு என்று 1981-இல் தெரியவந்தது. வானொலியில் அதைக் கேட்ட ஒரு ரசிகரின் காதுதான் அதைப் பிடித்தது. 2007-இல் ஜாய்ஸ் ஹாட்டோவின் பெயரில் வந்திருந்த ஏராளமான தட்டுகள் பிற பியானோ கலைஞர்களின் பதிவுகளே என்பது அம்பலமானது. லிஸ்ட்டின் எட்யூடுகள் அடங்கிய தட்டைக் கணினியில் போட்டபோது, டிராக்குகளின் நீளத்தை வைத்து அடையாளம் காணும் தரவுத்தளம் லாஸ்லோ சிமோனின் பெயரைக் காட்டியது; அதிலிருந்துதான் நூல் பிரிந்தது. டிராக் நேரங்களை வினாடி வரை குறித்துவைக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம். வேறு வேறு அட்டையில் வரும் ஒரே பதிவைக் கண்டுபிடிக்கவும் அதுவே வழி. கைதட்டலும் இடைவெளியும் சில வினாடிகளைக் கூட்டும் என்பதை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது முதல் எதிரி ஒலி அளவு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது 'மேலானது' என்று எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியைச் சமப்படுத்தும் வசதி டிராக் வாரியாக இயங்கினால், அடங்கிய இரண்டாம் பகுதியும் முழங்கும் நான்காம் பகுதியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். படைப்பின் வடிவமே குலையும். ஆல்பம் வாரியாக மாற்றுங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். அளவை முதலில் மிக உரத்த இடத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டு, தொடக்கத்துக்குத் திரும்பி, பிறகு தொடாமல் கேளுங்கள். டிராக்குகளுக்கிடையே இடைவெளி விழாத அமைப்பும் அவசியம். பீத்தோவனின் ஐந்தாவதில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் நுழைகிறது. டிம்பனி முரசின் மெல்லிய துடிப்பு ஏறி ஏறி சி மேஜரில் திறக்கும் அந்தக் கணத்தில் அரை வினாடி மௌனம் விழுந்தால், அத்தனை நேரமும் கட்டியது பாழ்.

கடைசியாக, கேட்டதைப் பற்றி என்ன எழுதுவது? ஓர் இடத்தைச் சுட்டுங்கள். அதே ஐந்தாவதின் முதல் பகுதியில், 59-ஆவது பாரில் கொம்புகள் இரண்டாம் மெட்டை அறிவிக்கும். அது திரும்ப வரும் 303-ஆவது பாரில் பீத்தோவன் பசூன்களுக்கு எழுதியிருக்கிறார், ஏனென்றால் அன்றைய வால்வு இல்லாத கொம்பில் அந்தச் சுருதியில் அது எட்டாது. நடத்துநர்களில் பலர் அங்கே கொம்புகளையே போடுகிறார்கள். நீங்கள் கேட்ட பதிவில் அது யார்? 268-ஆவது பாரில் ஓபோ தனித்து நிற்கும்போது நடத்துநர் எவ்வளவு இடம் கொடுக்கிறார்? இந்த இரண்டு விடைகளையும் நிமிடக் குறிப்போடு எழுதினால், படிப்பவர் போய்க் கேட்டு, ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ முடியும்.

மாதிரிக்கு ஒரு குறிப்பு: "பாக், கோல்ட்பெர்க் வேரியேஷன்கள், பி.டபிள்யூ.வி. 988. கிளென் கூல்ட், பியானோ. நியூயார்க், கொலம்பியாவின் 30-ஆவது தெரு ஸ்டுடியோ, 1981. கேட்டது 2002 வெளியீடு, அனலாக் நாடாவிலிருந்து. சுமார் 51 நிமிடம், மறுவாசிப்பு பலவற்றில் முற்பகுதிக்கு மட்டும். ஆரியா 3:05. வேரியேஷன்களுக்கிடையே துடிப்பு கணக்காக இணைந்து செல்கிறது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் கவனிக்கவும். அவருடைய முணுமுணுப்பு ஹெட்போனில் தெளிவாகவே கேட்கிறது." எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

இதை உங்கள் கோப்புகளிலும் அப்படியே ஏற்றிவிடுங்கள். இசைச் செயலிகள் பாட்டு, பாடகர், ஆல்பம் என்ற மூன்று கட்டங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இயற்றியவர், நடத்துநர், குழு என்ற கட்டங்கள் இருந்தும் காலியாகவே வரும். இயற்றியவர் பெயருக்கு ஒரே எழுத்துமுறையைக் கடைப்பிடியுங்கள். படைப்பின் பெயர், அட்டவணை எண், பகுதி எண் என்ற வரிசையில் டிராக் தலைப்பு இருக்கட்டும். வருடக் கட்டத்தில் பதிவான வருடம். வெளியீட்டு வருடமும் மறுபதிப்புப் பொறியாளர் பெயரும் குறிப்புக் கட்டத்தில். பதிவுத் தேதி அட்டையில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், வெளியீட்டு வருடத்தை அங்கே நிரப்ப வேண்டாம்.